பழைய லேப்டாப்பில் விண்டோக்களை அடுக்குவது: எக்ஸ்எஃப்சிஇ போதுமா, அதற்குள் ஐ3 வேண்டுமா?

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் கணினி பழுது பார்க்கும் சிறு கடை நடத்துகிறேன். 2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு முடிந்ததில் இருந்து, பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து லினக்ஸ் போட்டுத் தரச் சொல்பவர்கள் கூடிவிட்டார்கள். அவற்றில் பல, 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அக்காவுக்கோ அண்ணனுக்கோ கிடைத்தவை. ரேம் 2 ஜிபி, மிஞ்சினால் 4 ஜிபி. திரை 1366க்கு 768. எக்ஸ்எஃப்சிஇ அல்லது எல்எக்ஸ்கியூட்டி போன்ற இலகுவான டெஸ்க்டாப்பைப் போட்டுக் கொடுத்தால் பெரும்பாலும் சந்தோஷமாகப் போய்விடுவார்கள்.

சிலர் ஒரு மாதம் கழித்துத் திரும்பி வருகிறார்கள். பாம்பனில் மீன் கம்பெனியில் கணக்கு எழுதும் தம்பி வந்து சொன்னது இது: "அண்ணே, ஏல விலை ஒரு விண்டோ, கணக்கு ஒரு விண்டோ, வாட்ஸ்அப் ஒரு விண்டோ. ஒண்ணை எடுத்தா இன்னொண்ணு ஒளிஞ்சுக்குது. யூடியூப்ல ஒருத்தர் எல்லாத்தையும் கட்டம் கட்டமா அடுக்கி வச்சிருக்கார். எனக்கும் அது மாதிரி போட்டுத் தாங்கண்ணே." கீழக்கரையில் கணினி அறிவியல் படிக்கும் பெண்ணின் கேள்வி வேறு: "அண்ணா, எக்ஸ்எஃப்சிஇ-யை விடாம அதுக்குள்ளேயே ஐ3 ஓட்டலாம்னு சொல்றாங்க. அப்படிச் செய்யலாமா, இல்ல மொத்தமா ஐ3க்கே போயிடவா?"

இதே குழப்பத்தோடு நிறையப் பேர் வருவதால், எல்லாருக்கும் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

இரண்டு சொற்களை மட்டும் முதலில் பிரித்துக்கொள்வோம். டெஸ்க்டாப் என்பது முழு விசைப்படகு மாதிரி. பேனல், மெனு, வைஃபை ஐகான், பேட்டரி எச்சரிக்கை, பென்டிரைவைச் செருகினால் திறப்பது எல்லாம் அதில் அடக்கம். விண்டோ மேனேஜர் என்பது அந்தப் படகை ஓட்டுகிற ஆள். எந்த விண்டோ எங்கே நிற்கும், எது முன்னால் வரும் என்பதை முடிவு செய்வது அவர் வேலை. ஐ3 போன்ற டைலிங் விண்டோ மேனேஜர், விண்டோக்களை ஒன்றன்மேல் ஒன்று விழவிடாமல் பக்கம் பக்கமாகத் தானே அடுக்கும். படகை அப்படியே வைத்துக்கொண்டு ஓட்டுகிறவரை மட்டும் மாற்றலாமா என்பதுதான் இங்கே கேள்வி.

## எதை வைத்து எடை போடுவது

நினைவகம். எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். ஆனால் முடிவை மாற்றுகிற அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை. டெஸ்க்டாப்பை வைத்துக்கொண்டு விண்டோ மேனேஜரை மட்டும் மாற்றினால் மிச்சமாவது சில பத்து எம்பிதான். பேனல், செட்டிங்ஸ் சேவை, நெட்வொர்க் ஐகான் எல்லாம் முன்போலவே ஓடிக்கொண்டிருக்கும். பிரவுசரில் ஒரு டேப் கூடுதலாகத் திறந்தால் அந்த மிச்சமும் போய்விடும். ரேம் மிச்சமாகும் என்பதற்காக ஐ3 போடுவதாக இருந்தால் அந்த எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள்.

திரை அகலம். 1366 பிக்சலை இரண்டாகப் பிரித்தால் ஆளுக்கு 683. அந்த அகலத்தில் பல இணையதளங்கள் செல்போன் வடிவத்துக்குச் சுருங்கிவிடும். மூன்றாகப் பிரித்தால் 455, அதில் விரிதாளின் நான்கு நெடுவரிசைகூட ஒழுங்காகத் தெரியாது. யூடியூபில் காட்டுகிற அழகான கட்டங்கள் எல்லாம் பெரிய மானிட்டரில் எடுத்தவை.

தமிழ்த் தட்டச்சு. வெளியூர்க் கட்டுரைகளில் இது வராது. நமக்கு இதுதான் தினசரிப் பாடு.

கீபோர்டும் டச்பேடும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது மண்ணும் உப்பும் சேர்ந்து எங்கே புகும் என்று சொல்ல முடியாது. டச்பேட் கெட்டு வருகிற லேப்டாப்புகளும் உண்டு, பொத்தான்கள் துருப்பிடித்து வருகிறவையும் உண்டு. உங்கள் எந்திரத்தில் எது நன்றாக இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வேறு யார் தொடுவார்கள். தனி ஆள் எந்திரமா, கம்பெனியிலோ வீட்டிலோ நாலு பேர் கை படுகிறதா?

உடைந்தால் திரும்பி வரும் வழி. மாற்றிய பிறகு ஏதாவது சொதப்பினால் பழைய நிலைக்கு வர எத்தனை நிமிடம் ஆகும் என்பது.

## ஒன்று: எக்ஸ்எஃப்சிஇ-யை அப்படியே வைத்து, அதிலேயே அடுக்குவது

எக்ஸ்எஃப்சிஇ-யிலேயே அடுக்கும் வசதி இருப்பது பலருக்குத் தெரியாது. விண்டோவின் தலைப்பைப் பிடித்து இடது ஓரத்துக்கு இழுத்தால் பாதித் திரையில் ஒட்டிக்கொள்ளும். 2015இல் வந்த 4.12 பதிப்பில் இருந்து மூலைக்கு இழுத்தால் கால்பகுதியில் நிற்கும்.

இழுக்கவே வேண்டாம். செட்டிங்ஸில் விண்டோ மேனேஜர் என்ற பகுதிக்குள் கீபோர்டு டேபைத் திறங்கள். விண்டோவை இடப்பக்கம் அடுக்கு, வலப்பக்கம் அடுக்கு, பெரிதாக்கு என்று வரிசையாக இருக்கும். அவற்றுக்குச் சூப்பர் பொத்தானோடு (விண்டோஸ் சின்னம் போட்ட பொத்தான்) அம்புக்குறிகளைக் கொடுத்துவிடுங்கள். அதே பட்டியலில் ஒர்க்ஸ்பேஸ் (விண்டோக்களைப் பிரித்து வைக்கத் தனித்தனித் திரை போன்ற இடம்) மாறுவதற்கும் சூப்பர் பொத்தானோடு 1, 2, 3, 4 எண்களைக் கொடுத்துவிட்டால் டைலிங்கில் தேவைப்படுவதில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். ஐந்து நிமிட வேலை.

இதில் மறைந்திருக்கும் செலவு, ஒவ்வொரு விண்டோவையும் நீங்களே வைக்க வேண்டும் என்பது. புதிதாகத் திறப்பது பழையதன் மேலேதான் விழும். இரண்டு விண்டோ வேலைக்கு இது பொருட்டே இல்லை. ஒரே நேரத்தில் ஐந்தாறு திறந்து மூடுகிறவருக்குக் கை வலிக்கும்.

இ-சேவை மையம், ஜெராக்ஸ் கடை, மீன் கம்பெனி அலுவலகம், வீட்டுப் பொதுக் கணினி ஆகியவற்றுக்கு நான் இதைத் தாண்டிப் போகச் சொல்ல மாட்டேன். இதைக் கற்றது பட்டுத்தான். ஒரு கம்பெனியில் பகல் வேலை பார்ப்பவர் ஆசைப்பட்டுக் கேட்டார் என்று அவர் கணினியில் ஐ3 போட்டுக் கொடுத்தேன். இரவு ஷிஃப்டுக்கு வந்தவருக்கு அதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மினிமைஸ் பொத்தான் இல்லை, டெஸ்க்டாப்பில் ஐகான் இல்லை. கணினி கெட்டுவிட்டது என்று நினைத்துப் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டார். திறந்திருந்த பில் கோப்பில் அன்று மாலை போட்ட பதிவுகள் போயின. மறுநாள் காலை அவர்களோடு உட்கார்ந்து துண்டுச் சீட்டுகளைப் பார்த்துத் திரும்ப ஏற்றினோம். அதன்பிறகு, நாலு பேர் கை படும் கணினியில் ஐ3 போடுவதை நிறுத்திவிட்டேன்.

## இரண்டு: எக்ஸ்எஃப்சிஇ மேலேயே கார்டைல்

இது பலர் கேள்விப்படாத நடுவழி. கார்டைல் என்பது விண்டோ மேனேஜர் இல்லை. இருக்கிற விண்டோ மேனேஜருக்குப் பக்கத்தில் நின்று, "இதை இங்கே வை, அதை அங்கே தள்ளு" என்று சொல்லிக் கொடுக்கிற சின்ன நிரல். எக்ஸ்எஃப்சிஇ-யோடும், ஓப்பன்பாக்ஸ் என்ற விண்டோ மேனேஜரோடும் ஒத்துப்போகும். புது விண்டோ திறந்ததும் மற்றவை தானாக நகர்ந்து இடம் கொடுக்கும். மினிமைஸ், மூடும் பொத்தான், டெஸ்க்டாப் ஐகான் எதுவும் போகாது. பிடிக்கவில்லையா, நிரலை நிறுத்தினால் எல்லாம் பழையபடி.

செலவு என்ன? பல லினக்ஸ் வெளியீடுகளின் மென்பொருள் களஞ்சியத்தில் இது கிடையாது. தனியாக இறக்கி வைத்துக்கொண்டு, புதுப்பிப்பையும் நீங்களே பார்க்க வேண்டும். அப்புறம், முடிவெடுப்பது இரண்டு பேர் என்பதால் விண்டோ ஒரு இடத்தில் தோன்றி இன்னொரு இடத்துக்குத் துள்ளுவது கண்ணுக்குத் தெரியும். பழைய எந்திரத்தில் இன்னும் நன்றாகவே தெரியும். சிலருக்கு அது எரிச்சல்.

டைலிங் தனக்கு ஒத்துவருமா என்றே தெரியாதவர் இதில் ஒரு வாரம் இருந்து பார்க்கட்டும். பாதிப் பேருக்கு அந்த வாரத்திலேயே விடை கிடைத்துவிடும்.

## மூன்று: டெஸ்க்டாப்புக்குள் ஐ3

இதில்தான் விஷயம் நிறைய இருக்கிறது, சிக்கலும் நிறைய.

ஐ3-யை 2009இல் மைக்கேல் ஸ்டாப்பல்பெர்க் எழுதத் தொடங்கினார். டிடபிள்யூஎம், பிஎஸ்பிடபிள்யூஎம் என்று வேறு டைலிங் விண்டோ மேனேஜர்களும் உண்டு. நான் ஐ3-யைச் சொல்வதற்குக் காரணம், அதன் அமைப்பு முழுவதும் ஒரே எளிய உரைக்கோப்பில் இருக்கிறது, ஆவணமும் தெளிவாக இருக்கிறது. டிடபிள்யூஎம் என்றால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் சி நிரலைத் திருத்திக் கம்பைல் செய்ய வேண்டும். தவிர, டிடபிள்யூஎம்மிலும் பிஎஸ்பிடபிள்யூஎம்மிலும் ஜாவாவில் எழுதிய சில நிரல்கள் வெறும் சாம்பல் கட்டமாகத் திறக்கும். அதைச் சரிசெய்ய வழி உண்டு, ஆனால் வரிசையில் ஆள் நிற்கும்போது அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

டெஸ்க்டாப்புக்குள் வைப்பதால் என்ன லாபம்? வைஃபை ஐகான், ஒலி, திரை வெளிச்சம், புரொஜெக்டர் இணைப்பு, பென்டிரைவ், பிரிண்டர் அறிவிப்பு எல்லாம் டெஸ்க்டாப் பார்த்துக்கொள்ளும். ஐ3 விண்டோவை மட்டும் பார்த்துக்கொள்ளும். குறிப்பாகப் பேட்டரி எச்சரிக்கை. இந்த லேப்டாப்புகளின் பேட்டரி அரை மணி நேரம் தாங்கினால் பெரிய விஷயம். கரண்ட் போனதும் "சார்ஜ் குறைகிறது" என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

### எந்த டெஸ்க்டாப்புக்குள்?

எல்எக்ஸ்கியூட்டி என்பேன், தயங்காமல். அதற்கென்று சொந்த விண்டோ மேனேஜரே கிடையாது. பெரும்பாலும் ஓப்பன்பாக்ஸை இரவல் வாங்கித்தான் ஓடுகிறது. அதனால் இன்னொன்றை வைப்பது அதற்குப் புதிதில்லை. செஷன் செட்டிங்ஸைத் திறந்து, விண்டோ மேனேஜர் என்ற இடத்தில் ஐ3-யைத் தேர்ந்து, வெளியே போய் உள்ளே வந்தால் முடிந்தது.

எக்ஸ்எஃப்சிஇ-யில் விண்டோ மேனேஜரும் அந்தக் குடும்பத்துப் பிள்ளை. பெயர் எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4. அதை வெளியே அனுப்ப, செட்டிங்ஸ் எடிட்டரில் எக்ஸ்எஃப்சிஇ4-செஷன் பகுதிக்குள் ஃபெயில்சேஃப் அமர்வில் (சேமித்த அமர்வு எதுவும் இல்லாதபோது கிளம்புவது) முதலில் தொடங்கும் நிரலாக அதன் பெயர் இருப்பதை ஐ3 என்று மாற்ற வேண்டும். முன்பு சேமித்து வைத்த அமர்வுகளையும் அழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை நுழையும்போது பழைய ஆளே வந்து உட்கார்ந்திருப்பார். "மாத்தினேன்ணே, மாறவே இல்லை" என்று சொல்கிறவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

அவர் போகும்போது இன்னொன்றையும் கொண்டு போகிறார். திரைக்காட்சியைக் கிழியாமல் காட்டும் கம்போசிட்டர் எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4-க்குள்ளேயே இருக்கிறது. ஐ3-யில் அது கிடையாது. வீடியோ பார்க்கும்போது படம் குறுக்கே கிழிந்தால் பிக்காம் என்ற தனி நிரலைப் போட வேண்டும்.

### இரண்டு பேர் ஒரே வேலையைச் செய்வது

டெஸ்க்டாப்பும் ஐ3-யும் ஒன்றுக்கொன்று தெரியாமல் ஒரே வேலையைச் செய்யப் போகும். அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டும்.

ஐ3 தன் கீழ்ப்பட்டையைக் கொண்டு வரும், டெஸ்க்டாப்பின் பேனலும் இருக்கும். 768 பிக்சல் உயரத்தில் இரண்டு பட்டை வீண். அமைப்புக் கோப்பில் பட்டைக்கான பகுதியை நீக்கிவிடுங்கள். பேனல் மேலேயோ கீழேயோ இருக்கட்டும், பக்கவாட்டுப் பேனலுக்கு ஐ3 இடம் ஒதுக்காது.

புதிய ஐ3 தரும் அமைப்புக் கோப்பில், திரையைப் பூட்டும் நிரலையும் நெட்வொர்க் ஐகானையும் தானியங்கித் தொடக்க நிரல்களையும் கிளப்பும் வரிகள் ஏற்கெனவே இருக்கும். டெஸ்க்டாப்பும் இவற்றைக் கிளப்பும் என்பதால் பூட்டுத்திரை இரண்டு முறை வந்து கடவுச்சொல் கேட்கலாம். அந்த வரிகளை எடுத்துவிடுங்கள்.

டெஸ்க்டாப் படத்தையும் ஐகானையும் காட்டும் நிரல் சில நேரம் தானும் ஒரு விண்டோ போல வந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். அமர்வுப் பட்டியலில் அதை "ஒருபோதும் தொடங்காதே" என்று வைத்துவிடலாம்.

சூப்பர் பொத்தானோடு ஆர் அழுத்தினால் ஐ3-யில் விண்டோவின் அளவை மாற்றும் நிலை வர வேண்டும். எக்ஸ்எஃப்சிஇ-யிலோ நிரல் தேடும் பெட்டிக்கு அதே குறுக்குவழி. எது முந்திப் பிடிக்கிறதோ அது ஜெயிக்கும். கீபோர்டு செட்டிங்ஸில் டெஸ்க்டாப்பின் சூப்பர் குறுக்குவழிகளை மொத்தமாக எடுத்துவிடுவது நல்லது.

கடைசியாக, சூப்பர், ஷிஃப்ட், இ மூன்றையும் அழுத்தினால் ஐ3 மட்டும்தான் மூடும். டெஸ்க்டாப் அமர்வு பாதியில் தொங்கி நிற்கலாம். அந்த வரியில் டெஸ்க்டாப்பின் லாக்அவுட் கட்டளையைப் போட்டுவிடுங்கள்.

### தமிழ் தட்டுகிறவர்களுக்கு

ஐபஸ் (மொழி மாற்றித் தட்ட உதவும் நிரல்) வழியாகத் தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டுபவர்களுக்கு மொழி மாற்றும் குறுக்குவழி இயல்பிலேயே சூப்பரோடு ஸ்பேஸ். ஐ3-யில் அதே சூப்பரும் ஸ்பேஸும் மிதக்கும் (அடுக்கில் சேராமல் மேலே நிற்கும்) விண்டோவுக்கும் அடுக்கிய விண்டோவுக்கும் இடையே தாவுவதற்கு வைக்கப்பட்டிருக்கிறது. ஐ3 போட்ட அன்றைக்கே "தமிழ் வரவில்லை" என்று ஃபோன் வருவது இதனால்தான். மொழி மாற்றத்தை கன்ட்ரோலோடு ஸ்பேஸுக்கு நகர்த்தலாம் என்று பலருக்குத் தோன்றும். செய்யாதீர்கள். விரிதாள் நிரலான லிப்ரே ஆஃபீஸ் கால்கில் கன்ட்ரோலும் ஸ்பேஸும் முழு நெடுவரிசையைத் தேர்ந்தெடுக்கும். கணக்கு எழுதும்போது அதில் தட்டிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஐ3 கோப்பில் அந்த ஒரு வரியை நீக்குவதே சரி. அந்த வசதியைத் தினமும் தேடுகிற யாரையும் நான் பார்த்ததில்லை.

ஐபஸ் இல்லாமல் கீபோர்டின் எழுத்து அமைப்பையே தமிழுக்கு மாற்றித் தட்டுகிற பழக்கம் இருந்தால், ஐ3 குறுக்குவழிகளை எழுத்தின் பெயரில் எழுதாமல் பொத்தானின் எண்ணில் எழுதுங்கள். அமைப்பு மாறினாலும் பொத்தானின் இடம் மாறாது. ஐ3 ஆவணமும் அப்படித்தான் சொல்கிறது.

நிரல் தேடுவதற்கு ஐ3 தருவது டிமெனு. அது தமிழ் எழுத்துகளைக் கோத்துக் காட்டாது. "கெ" என்று எழுதினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். மெனுவைத் தமிழில் வைத்திருப்பவர்கள் ரோஃபி போட்டுக்கொள்ளுங்கள், அதில் எழுத்து ஒழுங்காக வரும். இல்லையென்றால் டெஸ்க்டாப்பின் மெனுவே போதும், அதற்காகத்தானே அதை வைத்திருக்கிறோம். விண்டோ தலைப்பின் எழுத்தளவு இயல்பில் 8 என்று இருக்கும். ஆங்கிலத்துக்குச் சரி, தமிழ் அதில் புள்ளிப் புள்ளியாகத் தெரியும். 10 ஆக்குங்கள்.

### சின்னத் திரையில் ஐ3-யின் உண்மையான பலம்

முன்னே சொன்ன 683 பிக்சல் கணக்கை வைத்து, சின்னத் திரைக்கு டைலிங்கே ஆகாது என்று நினைக்க வேண்டாம். ஐ3-யில் சூப்பரோடு டபிள்யூ அழுத்தினால் விண்டோக்கள் டேப் டேப்பாக மாறிவிடும். ஒவ்வொன்றும் முழு அகலத்தில், மேலே தலைப்புகள் வரிசையாக. பிரவுசர் டேப் பழகியவருக்கு இதை விளக்கவே வேண்டாம். இதோடு சூப்பர் எண் பொத்தான்களால் ஒர்க்ஸ்பேஸ் தாவினால், எந்த விண்டோ எங்கே என்று தேடுகிற பேச்சே இல்லை. நிரல் எழுதுபவர் 1இல் எடிட்டர், 2இல் பிரவுசர், 3இல் டெர்மினல் (கட்டளை தட்டும் விண்டோ) என்று வைத்துக்கொண்டால் ஒரு வாரத்தில் விரல் தானாகப் போகும். பாதியாகப் பிரிப்பது பார்த்து எழுத வேண்டிய வேலைக்கு மட்டும்.

ஐ3-யில் விண்டோக்களுக்கு இடையே இடைவெளி விடும் வசதி 2023இல் வந்த 4.22 பதிப்பில் சேர்ந்தது. படத்தில் அழகாக இருக்கும். 1366 அகலத்தில் அதைப் போட வேண்டாம், ஒவ்வொரு பிக்சலும் நமக்குத் தேவை.

மினிமைஸ் கிடையாது என்பதைப் பழகிக்கொள்ள வேண்டும். பேனலில் விண்டோ பெயரைச் சொடுக்கினால் கீழே போகாது. அதற்குப் பதிலாக ஸ்கிராட்ச்பேட் என்று ஒன்று உண்டு: சூப்பர், ஷிஃப்ட், மைனஸ் அழுத்தினால் ஒளியும், சூப்பரும் மைனஸும் அழுத்தினால் திரும்ப வரும். கால்குலேட்டரை அதில் வைத்துக்கொள்வது அருமையாக இருக்கும்.

இந்த ஊருக்கே உரிய ஒரு செலவும் உண்டு. ஐ3 முழுக்க ஒரே பொத்தானை நம்பி நிற்கிறது. உப்புக்காற்றில் அந்தச் சூப்பர் பொத்தான் செத்துவிட்டால் ஒரு டெர்மினல்கூடத் திறக்க முடியாது. டெஸ்க்டாப்புக்குள் இருந்தால் மௌஸை வைத்துப் பேனலில் இருந்து சமாளிக்கலாம், அமைப்புக் கோப்பைத் திறந்து சூப்பருக்குப் பதில் ஆல்ட் என்று மாற்றிக்கொள்ளலாம். வெறும் ஐ3-யில் அந்த வழியும் இல்லை. மாறாக, டச்பேட் போய் கீபோர்டு நன்றாக இருக்கிற எந்திரத்துக்கு ஐ3 உயிர் கொடுக்கும். அப்படி ஒதுக்கி வைத்திருந்த லேப்டாப்புகள் இரண்டு திரும்ப வேலைக்கு வந்ததைப் பார்த்தபோது மனதுக்கு நிறைவாக இருந்தது.

## நான்கு: வெறும் ஐ3

டெஸ்க்டாப்பே இல்லாமல் ஐ3 மட்டும். ரேம் உண்மையிலேயே மிச்சமாவது இதில்தான், 2 ஜிபி எந்திரத்தில் அது உணரவும் படும். ஆனால் நெட்வொர்க் ஐகான், ஒலிப் பொத்தான்கள், திரை வெளிச்சம், அறிவிப்பு, பென்டிரைவ் தானாகத் திறப்பது, நிர்வாகக் கடவுச்சொல் கேட்கும் பெட்டி, புரொஜெக்டர், ஐபஸைத் தொடங்குவது, எல்லாவற்றையும் தேடி ஒவ்வொரு வரியாக நீங்களே கோப்பில் எழுத வேண்டும். பேட்டரி குறைந்தால் யாரும் சொல்ல மாட்டார்கள். பட்டையில் எண் மட்டும் மாறிக்கொண்டிருக்கும், நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

லினக்ஸ் உள்ளே எப்படி இயங்குகிறது என்று கற்றுக்கொள்ள ஆசைப்படும் மாணவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. வேலைக்கு எந்திரம் வேண்டும் என்பவருக்கு வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | எக்ஸ்எஃப்சிஇ மட்டும் | கார்டைல் சேர்த்து | டெஸ்க்டாப்புக்குள் ஐ3 | வெறும் ஐ3 |
|---|---|---|---|---|
| ரேம் மிச்சம் | இல்லை | இல்லை, கொஞ்சம் கூடும் | சில பத்து எம்பி | நன்றாகத் தெரியும் |
| அமைக்கும் நேரம் | 5 நிமிடம் | அரை மணி | ஒரு முழு நாள் | பல நாள் |
| கை பழகுவது | அன்றே | சில நாள் | 2 வாரம் வரை | 2 வாரம், அதன்பின்னும் திருத்தம் |
| 1366 திரை | இரண்டு விண்டோவுக்குச் சரி | நெருக்கடி | டேப் முறையில் அருமை | டேப் முறையில் அருமை |
| தமிழ்த் தட்டச்சு | சிக்கல் இல்லை | சிக்கல் இல்லை | ஒரு வரி நீக்க வேண்டும் | ஐபஸையும் தொடங்க வேண்டும் |
| பேட்டரி எச்சரிக்கை | உண்டு | உண்டு | உண்டு | நீங்களே அமைக்க வேண்டும் |
| பலர் தொடும் கணினி | மிக ஏற்றது | பரவாயில்லை | வேண்டாம் | வேண்டவே வேண்டாம் |
| திரும்பி வருவது | தேவையில்லை | நிரலை நிறுத்தினால் போதும் | சில நிமிடம் | டெஸ்க்டாப் நிறுவ வேண்டும் |

வேலேண்ட் (திரையில் விண்டோக்களைக் காட்டும் புது முறை) பற்றிக் கேட்பவர்களுக்கு: ஐ3, கார்டைல் இரண்டும் பழைய எக்ஸ்11 முறையில் மட்டுமே ஓடும். வேலேண்டில் ஐ3 போலவே நடக்கும் ஸ்வே இருக்கிறது. ஐ3 கோப்பைப் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொள்ளும். 2024 நவம்பரில் வந்த எல்எக்ஸ்கியூட்டி 2.1, ஸ்வே உட்படப் பலவற்றைத் தன்னோடு சேர்த்து ஓட்ட வழி செய்திருக்கிறது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த எக்ஸ்எஃப்சிஇ 4.20இல் வேலேண்ட் இன்னும் சோதனை நிலையில்தான். இந்தப் பழைய லேப்டாப்புகளுக்கு இப்போதைக்கு எக்ஸ்11 போதும். எல்எக்ஸ்கியூட்டியைத் தேர்ந்தவர்களுக்குப் பின்னால் மாறுவது சுலபம், அவ்வளவுதான் வித்தியாசம்.

## எப்போது, எப்படி மாற்றுவது

மாற்றுவதற்கு முன் ஐ3 அமைப்புக் கோப்பையும் டெஸ்க்டாப் அமைப்புகளையும் ஒரு பென்டிரைவில் நகல் எடுங்கள். லேப்டாப்பில் இரண்டாவதாக ஒரு பயனர் கணக்கு உருவாக்கி, அதில் எதையும் தொடாமல் பழைய டெஸ்க்டாப்பை விட்டுவையுங்கள். ஏதாவது குழம்பினால் அந்தக் கணக்கில் நுழைந்து அன்றைய வேலையை முடித்துவிட்டு, இரவு நிதானமாகச் சரிசெய்யலாம். சூப்பரோடு எழுத்துகள் எதற்கு எது என்று ஒரு அட்டையில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். பத்துப் பதினைந்து வரிதான் வரும்.

கடல் தொழிலைச் சார்ந்த அலுவலகம் என்றால் நாளும் முக்கியம். படகு வந்து ஏலம் நடக்கிற நாளில் புது முறையைப் பழகக் கூடாது. நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் நிற்கும், பில்லும் குறைவாக இருக்கும். கை பழக அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

பாம்பன் தம்பிக்கு நான் ஐ3 போடவில்லை. அவர் கணினியை முதலாளியின் மகனும் தொடுகிறார். எக்ஸ்எஃப்சிஇ-யிலேயே சூப்பர் அம்புக்குறிகளை அமைத்து, இடது பாதியில் ஏல விலை, வலது பாதியில் கணக்கு, வாட்ஸ்அப் இரண்டாவது ஒர்க்ஸ்பேஸில் என்று பிரித்துக் கொடுத்தேன். கட்டம் கட்டமாக வரவில்லையே என்று முதலில் முகம் வாடினார். ரெண்டு நாள் கழித்து, "இதுவே போதும்ணே" என்று ஃபோன் செய்தார். கீழக்கரைப் பெண்ணுக்கு எல்எக்ஸ்கியூட்டிக்குள் ஐ3. சூப்பர் ஸ்பேஸ் வரியை நீக்கி, எழுத்தளவை 10 ஆக்கி, இரண்டாவது கணக்கும் வைத்துக் கொடுத்திருக்கிறேன். பரீட்சை முடிந்ததும் டெஸ்க்டாப்பை எடுத்துவிட்டு வெறும் ஐ3-யில் ஓட்டிப் பார்க்கப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். பேட்டரி எச்சரிக்கைக்கு ஒரு சின்ன நிரல் எழுத வேண்டியிருக்கும், அதை அவளே எழுதட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.